மண்முனையில் இருந்து மாணிக்க கங்கை வரை

மண்முனைப் பாலத்தை எங்கள் பஸ் கடந்தபோது இன்னும் நிலம் வெளிக்கவில்லை. வாவிக்குள் இறால் பிடிக்கிறவர்களின் விளக்குகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. 2014 சித்திரையில் இந்தப் பாலம் திறக்கும்வரை, படுவான்கரையில் இருந்து எழுவான்கரைக்குப் போவதென்றால் துறையில் காத்து நின்று பாதையில்தான் ஏற வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இழுக்கும் அந்தத் தெப்பத்துக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். சண்டைக் காலத்தில் ஒரு கரை இயக்கத்தின் கையில், மறுகரை இராணுவத்தின் கையில். பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, எத்தனை கிலோ சீனி, எத்தனை ரோர்ச் பற்றரி என்று கணக்குச் சொல்லிக் கடந்த ஆறு இது. இப்போது பஸ் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. எனக்கு மட்டும் அந்த இரண்டு நிமிடமும் கை தானாக அடையாள அட்டையைத் தேடும்.

2024 ஆம் ஆண்டு ஆடிவேலுக்கு நானும் மகளும் கதிர்காமம் வெளிக்கிட்டோம். பொத்துவில், பாணமை, உகந்தை வரை பஸ். உகந்தையில் இருந்து காட்டு வழியே நடை. எனக்கு வயது 69. "அம்மா, உங்களுக்கு ஏலுமா?" என்று மகள் பல தடவை கேட்டாள். ஏலுமோ ஏலாதோ, இடுப்பில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதற்குள் ஒரு ரூபாய்க் குற்றி. 1990 புரட்டாதியில் நான் முடிந்து வைத்த நேர்த்திக்காசு.

அந்தப் புரட்டாதியில்தான் என் மூத்த மகன் இயக்கத்துக்குப் போனான். அவனை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. தானாகத்தான் போனான். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையின் தாய் யாரையாவது ஏசி மண் அள்ளித் திட்டலாம். தானாகப் போன பிள்ளையின் தாய் யாரை ஏசுவது?

போவதற்கு முதல் வாரம் அவன் வேலி முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டினான். ஒரு மாதத்துக்குக் காணும் அளவுக்கு விறகு கொத்தி அடுக்கினான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன். அன்று காலையில் சுளகைக் கையில் எடுத்தபோது கீழே கடிதம் கிடந்தது. நான்கு வரி. சைக்கிள் கோயிலடியில் நிற்கிறது, திறப்பு சிநேகிதனிடம் இருக்கிறது என்பது அதில் ஒரு வரி. நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். சைக்கிளைப் பற்றி யோசித்த பிள்ளை என்னைப் பற்றி யோசிக்கவில்லையா என்று இருந்தது. பிறகுதான் விளங்கியது, அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அவன் அப்பா வயலுக்கு நடந்துதான் போக வேண்டும்.

அன்று பின்னேரமே காசை மஞ்சள் துணியில் முடிந்தேன். பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தால் உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து வந்து இதைச் சேர்ப்பேன் என்று வேண்டினேன்.

உகந்தைக்குப் போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது. கடற்கரையோடு பாறைகள், பாறைக்கு அருகே முருகன் கோயில், மேலே வள்ளி மலை. மலையில் சுனைகள் இருக்கின்றன. நல்ல கோடையிலும் தண்ணீர் நிற்கும். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து ஒன்றரை மாதமாக நடந்து வந்தவர்களும் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுடைய பாதங்களைப் பார்த்த பிறகு என் முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

காட்டுக் கதவு வருடத்தில் சில நாட்களுக்குத்தான் யாத்திரிகர்களுக்குத் திறக்கும். உள்ளே போனால் எல்லாரும் சாமிதான். வயதும் இல்லை, பெயரும் இல்லை. "சாமி, தண்ணி இரிக்கா?" "சாமி, பாத்து, யானைப் பீ சூடா இரிக்கி." என் மகளையே நான் இரண்டு தடவை சாமி என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். நெடுங்காலத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வாகூரவட்டை கடந்து, முதல் பெரிய தங்கல் குமுக்கன் ஆறு. இரண்டு பக்கமும் பெரிய மருத மரங்கள், நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆயிரக்கணக்கான ஆட்கள் அங்கேயே குளித்து, சமைத்து, படுக்கிறார்கள். பெண்களுக்கு மறைவு கொஞ்சம் கஷ்டம்தான். போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: சேலையை விடச் சட்டையும் பாவாடையும் வசதி, ஒரு பெரிய துவாய் கட்டாயம் வேண்டும். பொலித்தீனைக் காட்டுக்குள் போடாதீர்கள். அவல், சீனி, ஓடியல் மா போதும். மற்றதெல்லாம் யாராவது தருவார்கள்.

அந்த ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டு இருக்கும்போதுதான் மகள் வாய் திறந்தாள்.

"அம்மா, மகன் ஆமிக்குப் போட்ட போமைப் பற்றி நீங்க ஒண்டும் சொல்லல்ல."

அவளுடைய மூத்த மகன், என் பேரன், வயது 20. உயர்தரம் படித்தான், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணவில்லை. தகப்பன் கூலி வேலை. உள்ள நாளில் உண்டு, இல்லாத நாளில் இல்லை. கட்டாருக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டக் காசு இல்லை. பொடியன் யாருக்கும் சொல்லாமல் இராணுவத்தில் சேர விண்ணப்பம் எடுத்து நிரப்பி, கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். வீடு கூட்டும்போது மகள் கண்டுவிட்டாள். கேட்டதற்கு, "அம்மம்மாட வீட்டுக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். இது வேலை. சம்பளம், பென்சன். அவ்வளவுதான்" என்றானாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இராணுவத்தில் சேர்வது முற்றாகப் புதிய விடயம் இல்லை. 2012 இல் கிளிநொச்சியில் நூறு வரையிலான தமிழ்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்போது பத்திரிகைகளில் அடித்துக் கதைத்தார்கள். ஆனால் அது தன் வீட்டுக் கலண்டருக்குப் பின்னால் இருக்கும்போது வேறு கதை. என் மருமகன் மட்டும், "2023 இல அரசாங்கமே ஆமியக் குறைக்கப் போறம், 2030 இல ஒரு லட்சம்தான் எண்டு அறிவிச்சிட்டு. குறைக்கிற இடத்தில இவன எடுப்பாங்களா?" என்று பகிடியாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ஆண்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது.

நான் அடுப்பை ஊதிக்கொண்டே, "அவனுக்கு ஒரு கலியாணத்தப் பேசினா என்ன?" என்றேன்.

வாயில் இருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மகள் விறகைக் கீழே வைத்தாள். "எனக்குச் செஞ்ச மாதிரியா?" என்று கேட்டாள்.

2001 இல் அவளுக்கு வயது 16. அவளோடு படித்த மூன்று பிள்ளைகள் இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். தானும் போகப்போவதாக அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்ததை நான் வாசித்துவிட்டேன். 'அண்ணனின் இடம்' என்று தலைப்புப் போட்டிருந்தாள். அன்று இரவே அவளைக் கூட்டிக்கொண்டு துறையைக் கடந்து எழுவான்கரையில் என் தங்கச்சி வீட்டில் விட்டேன். மூன்று மாதத்துக்குள் கோயிலில் வைத்துத் தாலி கட்டினோம். பதிவெல்லாம் பதினெட்டு வயதுக்குப் பிறகுதான். ஓ.எல் சோதனை எழுதவில்லை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று நான் விசாரிக்கவும் இல்லை. உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிக் கொடுத்த தாய்மார் அனேகம். இந்தப் பக்கத்தை வாசிக்கும் சிலருக்கே அப்படித்தான் கலியாணம் நடந்திருக்கும்.

மகள் மெதுவாகத்தான் கதைத்தாள். "அண்ணன் தானாப் போனான், நீங்க விட்டீங்க. நானும் தானாப் போக இருந்தன், என்ன விடல்ல. போயிருந்தா செத்திருப்பன். இல்லாட்டி 2004 சித்திரையில திரும்பி வந்திருப்பன். என்னோட படிச்ச மூணு பேர்ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தி இப்ப டீச்சர். நான் குவைத்துல நாலு வருசம் கக்கூசு கழுவினன்."

"நான் அண்ணன விடல்ல மகள். எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்துக் கூட்டத்தில் காவடிச் சிந்து தொடங்கிவிட்டது. சோறும் வெந்துவிட்டது.

பிள்ளை போன வீடு எப்படிச் சீவிக்கிறது என்று யாராவது கேட்டால், அழுதுகொண்டு என்று சொல்லுவதுதான் வழக்கம். உண்மையில் வேலை செய்துகொண்டுதான். எங்கள் ஊரில் அந்த வருடம் மட்டும் பதினொரு வீட்டில் பிள்ளைகள் போனார்கள். முதல் மாதங்களில் தாய்மார் ஆளுக்கொரு முகாமாகத் தேடி அலைந்தோம். பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. யாருக்கு வழி தெரியுமோ, யாருக்கு உழவு மெசினில் இடம் கிடைக்கிறதோ, அவள் பதினொரு வீட்டுப் பார்சலையும் கொண்டு போவாள். பொரிமா, எள்ளுருண்டை, உள்ளாடை, பேன் சீப்பு. பார்சலில் பெயரை ஊசியால் தைத்து விடுவோம், மழையில் அழியாமல் இருக்க. திரும்பி வருகிறவளைச் சுற்றி எல்லாரும் இருப்போம். "உன்ட மகன் கறுத்துப் போனான், ஆனா சிரிச்சான்" என்றால் அந்தக் கிழமைக்கு அது போதும். ஒரு பெண் மட்டும் பார்சல் கட்ட வரவே இல்லை. "போனவன் போகட்டும்" என்று ஏசிக்கொண்டே இருந்தாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நாங்கள் ஒதுக்கி வைத்தோம். அவள் ஒவ்வொரு நாளும் இரவில் முற்றத்தில் விளக்கை அணைக்காமல் படுத்ததை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டுக்குள்ளேதான் கஷ்டம். என் கணவர் மகனின் பெயரைச் சொல்லுவதையே விட்டுவிட்டார். நான் ஏதாவது தொடங்கினால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். காரணமும் வைத்திருந்தேன். 1987 தை மாதம் கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் அயலில் உள்ளவர்களும் கொல்லப்பட்டபோது என் தம்பியும் அதில் ஒருவன். அதற்குப் பிறகு மூன்று வருடம், சமைக்கும்போதும் தலை வாரும்போதும் நான் தம்பியைச் சொல்லிச் சொல்லி அழுதேன். மகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே படிப்பான். என் வாய்தான் என் பிள்ளையை அனுப்பியது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

1997 இல் வன்னியில் ஜெயசிக்குறு சண்டை நடந்தபோது மட்டக்களப்புப் பிள்ளைகள் பலரைக் காட்டு வழியாக நடத்தி அங்கே கொண்டுபோனார்கள். என் மகனும் போனான். அந்த வருடமே இறந்தான். செய்தி எங்களுக்கு வர மூன்று மாதம் சென்றது. அங்கேயே முள்ளியவளைத் துயிலும் இல்லத்தில் விதைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

2002 சித்திரையில் ஏ-9 பாதை திறந்த பிறகு, அந்த வருடக் கார்த்திகையில் ஊர்க்காரரோடு பஸ் பிடித்துப் போனோம். பொலன்னறுவை, ஹபரணை, வவுனியா, ஓமந்தை, மாங்குளம், ஒட்டுசுட்டான். என் கணவர் அவ்வளவு தூரமும் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். முள்ளியவளையில் வரிசை வரிசையாகக் கற்கள். பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கேற்றி முடிந்து எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு, அவர் கல்லின் மேல் கையை வைத்தபடி சொன்னார்:

"நான் அடிச்சதாலதான் போனான்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார். போவதற்குப் பத்து நாள் முதல் வயலில் மாட்டை அவிழ்த்து விட்டதற்காக மகனின் கன்னத்தில் ஒரு அடி அடித்திருக்கிறார். மற்றவர்களுக்கு முன்னால். பன்னிரண்டு வருடம் அந்த அடியை அவர் சுமந்திருக்கிறார். நான் என் வாயைச் சுமந்தேன். ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறோம். அன்று இரவு பஸ்ஸில் விடியவிடியக் கதைத்தோம். மகனின் சிறுவயதுக் குழப்படி எல்லாம் சொல்லிச் சிரிக்கவும் செய்தோம். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் 2011 இல் காலமானார். முள்ளியவளைக் கல்லும் இப்போது இல்லை. யுத்தத்துக்குப் பிறகு துயிலும் இல்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. 2016 கார்த்திகையில் இருந்து பல இடங்களில் சனங்கள் பற்றை வெட்டி, உடைந்த கற்களைக் குவித்து மீண்டும் விளக்கேற்றத் தொடங்கினார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வசதிப்படவில்லை. மகனின் படமும் இல்லை. 2007 பங்குனியில் படுவான்கரை கைமாறியபோது, பயத்தில் படங்களைப் போத்தலில் போட்டு முருங்கைக்குக் கீழே தாட்டேன். தோண்டி எடுத்தபோது தண்ணீர் உள்ளே போய் முகம் கரைந்திருந்தது. ஆக மிச்சம் இருந்தது இடுப்பில் இருந்த காசு மட்டும்தான். பிள்ளை வராததால் நேர்த்தியும் நிறைவேறவில்லை. நிறைவேறாத நேர்த்திக்காசை என்ன செய்வது? கோயில் ஐயரிடம் கேட்டேன். அவரும் சரியாகச் சொல்லவில்லை.

நாவலடி, வியாழை என்று அடுத்த நாட்கள் போயின. வெயிலும் மணலும்தான். ஒரு இடத்தில் இராணுவப் பொடியன்கள் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நின்றார்கள். ஒருவனுக்கு என் பேரனின் வயதுதான் இருக்கும். என் போத்தலை வாங்கி நிரப்பி, மூடியை இறுக்கி, "அம்மே, ஹெமின் யன்ன" என்றான். மெதுவாகப் போகட்டாம் என்று மகள் சொன்னாள். குவைத்தில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து பழகிய சிங்களம் அவளுடையது. நான் தண்ணீரைக் குடித்தேன். தொண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அது அந்தப் பொடியனின் பிழை இல்லை.

கட்டகாமம் கடந்து ஐந்தாம் நாள் கதிர்காமம். மாணிக்க கங்கையில் இறங்கியதும் கால் வெடிப்பெல்லாம் எரிந்தது. தமிழரும் சிங்களவரும் ஒன்றாக ஆற்றுக்குள். எங்கள் அரோகராவும் அவர்களின் ஹரோஹராவும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. தெய்வானை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பெரிய கோயிலுக்குப் பின்னால் உள்ள போதி மரத்தடி நிழலில் இருந்தோம். பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள அம்மா, பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் ஒரு குற்றிக்காசை முடிந்துகொண்டிருந்தார். நான் முடிவது போலவே, இரண்டு தரம் சுற்றி, பல்லால் இழுத்து. நான் பார்ப்பதைக் கண்டு, என் இடுப்பு முடிச்சைக் கை காட்டிக் கேட்டார்: "புத்தாட்டத?" மகனுக்கா?

அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். தலையாட்டினேன். பிறகு மகள் இடையில் இருந்து மொழிபெயர்த்தாள்.

அவர் மொனராகலைப் பக்கம், சேனைப் பயிர் செய்யும் குடும்பம். வரட்சி வந்து இரண்டு போகம் அழிந்த வருடம், 1993 இல், மூத்த மகன் இராணுவத்தில் சேர்ந்தான். அவர்களுடைய ஊரில் நிரந்தர வேலை என்றால் அதுதான். முதல் சம்பளத்தில் தாய்க்குச் செருப்பு. பிறகு கடன் எடுத்துக் கல்வீடு தொடங்கினான். ஓடு போடும் மட்டத்தில், 1996 ஆடி 18 முல்லைத்தீவு முகாம் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்த சண்டை அது. மகனின் உடல் வரவில்லை. காணாமல் போனவர் என்று கடிதம் வந்தது. சில ஊர்களுக்குத் திறக்கக்கூடாது என்று ஆணி அடித்த பெட்டியாவது வந்ததாம். அவர் அதற்கும் ஆசைப்பட்டிருக்கிறார். சம்பளம் வந்தது. அதில் ஓடும் போட்டாயிற்று. "அந்த வீட்டில் நான் படுப்பதில்லை" என்றார். இன்றைக்கும் பின்னால் உள்ள பழைய மண் குசினியில்தான் பாய் போடுகிறாராம். "கடன் எடு என்று சொன்னது நான். வீடு கேட்டது நான்."

எனக்கு என் கணவரின் கை அந்தக் கல்லின் மேல் இருந்தது ஞாபகம் வந்தது.

படையினரில் மட்டும் 5,000 க்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் காணாமல் போனவர்களாகப் பதியப்பட்டவர்கள். 1998 இல் தன் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, அப்படிப்பட்ட பெற்றோரைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, இரண்டு பக்கத் தாய்மாரையும் சந்திக்க வைத்ததை நம்மில் சிலர் அறிவோம். சிப்பாய்களுக்கு அடையாளத் தகடு கட்டாயம் வேண்டும் என்று போராடியவரும் அவர்தான். இந்த மொனராகலை அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் ஒவ்வொரு ஆடியும் பஸ் ஏறி இங்கே வருகிறார்.

பிறகு அவர் என்னைக் கேட்டார். உங்கள் மகன் எங்கே? மகள் சொன்னாள்: இயக்கத்தில் இருந்தவர், வன்னியில் இறந்தவர். அந்த அம்மாவின் கை பழத்தட்டின் விளிம்பில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன கேக்கிறா?"

"முல்லைத்தீவுக்கு முதலா, பிறகா எண்டு."

முள்ளியவளைக்கும் முல்லைத்தீவுக்கும் பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. "பிறகு" என்றேன். "97 இல். 96 இல் அவன் இங்க மட்டக்களப்பிலதான் இருந்தான். எனக்கு அப்படித்தான் சொன்னான்." கடைசி வசனத்தை மகள் சொன்னாளா விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. இரண்டு பேரும் பழத்தைத் தின்றோம். அவருடைய பேரன் எங்கே என்று கேட்டேன். கொரியாவுக்குப் போகப் பரீட்சை எழுதுகிறானாம். ஆமிக்குக் கேட்டானாம், தாய் விடவில்லையாம், இப்போது தாயோடு கதைப்பதில்லையாம். இதை மொழிபெயர்க்கும்போது மகளின் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது.

சனத்தோடு சனமாக வாசலுக்குப் போனோம். திரைக்கு முன்னால் வாயைத் துணியால் கட்டிய கப்புறாளைமார் தட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உண்டியலுக்குள் போடக் கை வரவில்லை. பின்னால் நெருக்கினார்கள். மகள் என் விரலை விரித்துக் காசை எடுத்து, துணியோடு உள்ளே போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு கடையில் ஒரு முழம் மஞ்சள் துணி வாங்கி, அவளே ஒரு காசை முடிந்து தன் இடுப்பில் செருகினாள். எதற்கு வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மண்முனையில் பேரன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். எங்கள் பையை முன்னால் வைத்துக்கொண்டு, "அம்மம்மா, அம்மா என்னத்த வேண்டினா? எடுபடக்கூடாது எண்டா?" என்று காதுக்குள் கேட்டான்.

"உன்ட அம்மாட்டக் கேள்" என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். விண்ணப்பம் அங்கே இல்லை. அனுப்பிவிட்டானாம். மறுநாள் காலை நான் எழும்பும்போது மகள் கிணற்றடியில் நின்றாள். நேர்முகத்துக்கு என்று அவன் எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றைத் துடைத்துக் கொடுத்தேன். கடிதம் இன்னும் வரவில்லை.